பழைய இன்ஜினுக்கு இழுவையும் மைலேஜும்: நான் கை வைக்கும் வரிசை

பழைய கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் இரண்டு குறை சொல்வார்கள். மேட்டில் இழுக்கவில்லை. பெட்ரோல் குடிக்கிறது. சொல்லிவிட்டு இரண்டுக்கும் தனித்தனி மருந்து கேட்பார்கள். முப்பது வருடமாக இன்ஜின் பிரித்துக் கோக்கிற கை இது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) சிலிண்டர் நன்றாக நிரம்ப வேண்டும், இறுக்கமாக அமுங்க வேண்டும், சரியான நேரத்தில் எரிய வேண்டும். அப்போது பிஸ்டன் தலையில் விழும் அழுத்தம்தான் இழுவை. அதே அழுத்தத்தைக் குறைந்த பெட்ரோலில் வாங்கினால் மைலேஜ். இந்த இரண்டுக்கும் பகை, 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே கிடைக்கும் சீற்றம். அதைத் தேடுகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. இங்கே நான் சொல்வதெல்லாம் 1,500 முதல் 3,000 வரை ஓடும் இன்ஜினுக்கு.

உதாரணத்துக்கு என் சொந்தக் காரையே எடுத்துக்கொள்கிறேன். நான்கு சிலிண்டர், 1,300 சிசி, புஷ்ராடு வைத்த இரும்பு ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்), இரட்டைத் தொண்டை கார்புரேட்டர், பின்சக்கரம் தள்ளும் வண்டி. கைக்கு வந்தபோது லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர்.

முதல் வேலை அளப்பது. டேங்க்கை கழுத்துவரை நிரப்பி, ஓட்டி, அதே பம்பில் அதே மட்டம்வரை திரும்ப நிரப்பி, மூன்று டேங்க் கணக்கை எழுதி சராசரி எடுங்கள். ஒரு டேங்க் கணக்கு பொய் சொல்லும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவிலும் இப்படியே அளந்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும். ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்துவிட்டு "கொஞ்சம் பரவாயில்லை" என்கிறவரால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இன்ஜினைத் தொடுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிவிடுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரியும். டயர் காற்றும் சரியாக இருக்கட்டும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது கம்ப்ரஷன், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மறந்தால் எல்லா சிலிண்டரும் குறைவாகவே காட்டும். அப்படிப் பார்த்து நல்ல இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. என் வண்டியில் 140, 138, 112, 136 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ஏறியிருந்தால் ரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை. அப்படியென்றால் வால்வு. டேப்பட் கவரைத் திறந்தால், மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஃபில்லர் கேஜின் (இடைவெளி அளக்கும் தகடுகள்) மெல்லிய இலைகூட நுழையவில்லை. இடைவெளி மொத்தமாக மூடியிருந்தது. ஏன் மூடியது என்பதற்குப் பிறகு வருகிறேன். டேப்பட் இடைவெளியைச் சரியாக வைத்ததும் 128 காட்டியது. வேலையைத் தொடர அது போதும்.

இன்ஜின் உறிஞ்சும் பலத்தைக் காட்டும் வேக்கம் கேஜை நான் ஸ்டெதஸ்கோப் போல மதிக்கிறேன். இன்டேக் மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டர்களுக்குப் போகும் வழி) கேஜின் குழாயைச் செருகி ஸ்லோவில் ஓடவிட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 இன்ச் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஓர் இன்ச் கழித்துக்கொள்ளுங்கள். முள் அசையாமல் 14, 15-ல் நின்றால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பக் கீழே சொடுக்கினால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. என் கேஜில் முள் 15-ல் நின்றபடி நடுங்கியது. கார்புரேட்டர் அடிக் கேஸ்கட் உலர்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றியதும் முள் 17-க்கு ஏறியதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். சூடு ஏறுகிறது என்று இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவது. ரேடியேட்டர் அடைப்பைச் சரிசெய்யாமல் இந்தக் குறுக்குவழியை எடுப்பார்கள். 82 அல்லது 88 டிகிரியில் ஓட வேண்டும் என்று வடிவமைத்த இன்ஜின் 60 டிகிரியில் ஓடும். குளிர்ந்த மேனிஃபோல்டில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஈரமாக ஒட்டும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். ரிங்கும் போரும் தேயும். என் வண்டியிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ரேடியேட்டரை அடைப்பு எடுத்து, 88 டிகிரி வால்வு போட்டேன்.

இனி இக்னிஷன். ஒரு பொருளும் வாங்காமல் கிடைக்கும் இழுவை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தீப்பொறியை சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொன்றாக இருக்கும். டைமிங் லைட் அடித்தால் புல்லியின் குறி நடனமாடும். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் வளையத்தை மாற்றாமல் அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் எதை வைத்தாலும் வீண். உள்ளே இரண்டு எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். துரு ஏறி இறுகியிருந்தால் ஆர்பிஎம் ஏறினாலும் அட்வான்ஸ் (தீப்பொறி முன்கூட்டியே விழுவது) வராது. கழற்றி, சுத்தம் செய்து, ஒரு துளி ஆயில் விட்டு, கையால் திருகிவிட்டால் தானாகத் திரும்ப வேண்டும்.

பக்கத்தில் தட்டு மாதிரி ஒட்டியிருப்பது வேக்கம் அட்வான்ஸ். பலரும் அதன் குழாயை ஆணி வைத்து அடைத்துவிடுகிறார்கள். சாதாரண ஓட்டத்தில் மைலேஜைக் காப்பாற்றுவதே அதுதான். பாதி ஆக்சிலரேட்டரில் சிலிண்டருக்குள் கலவை நீர்த்து இருக்கும், மெதுவாக எரியும். அதனால் சீக்கிரமே தீ வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் 10 முதல் 15 டிகிரியை வேக்கம்தான் தருகிறது. சோதிக்க வாய் போதும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கை எடுக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். நழுவிப் பின்னால் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. என்னுடையது கிழிந்திருந்தது.

டைமிங் வைக்கும் முன் புல்லியின் குறியை நம்பாதீர்கள். ரப்பர் வளையம் வைத்த பழைய புல்லியில் வெளி வளையம் நழுவியிருக்கலாம். பிளக் ஓட்டையில் ஒரு பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றி, முட்டும் இரண்டு இடங்களையும் குறித்தால் அவற்றின் நட்ட நடுவே உண்மையான டாப், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பழைய வகை இன்ஜின்கள் பலவற்றுக்கும் ஸ்லோவில் டாப்புக்கு முன் 5 முதல் 10 டிகிரி, 3,000 ஆர்பிஎம்மில் வேக்கம் இல்லாமல் மொத்தம் 30 முதல் 35 என்று வரும். உங்கள் இன்ஜினின் கையேடு சொல்வதுதான் தொடக்கப் புள்ளி. பிறகு சாலையில் பாருங்கள். டாப் கியரில், குறைந்த வேகத்தில், மேட்டில் முழுக்க மிதியுங்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல் சத்தம் வந்தால் அது நாக்கிங், கலவை தானாக வெடிப்பது. இரண்டு இரண்டு டிகிரியாகப் பின்னால் இழுத்து, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். காது கேட்காத லேசான நாக்கிங்கும் பிஸ்டனைத் தின்னும். அதனால் அடங்கிய இடத்திலிருந்து இன்னும் ஒரு டிகிரி பின்னால் வைப்பது என் வழக்கம்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் பிக்கப் போடுவது நல்ல மாற்றம். தேயாது, அதனால் டைமிங் நகராது. தோதான காயில் இருந்தால் பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீட்டரிலிருந்து 0.9 வரை கூட்டலாம்.

இவ்வளவு செய்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, மிதவை மட்டம் வைத்து, தேய்ந்த ஊசியை மாற்றி, சோக் முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்தபின் அளந்தேன். 12.4 கிலோமீட்டர். இதில் மாடிஃபிகேஷன் என்று ஒன்றும் இல்லை, இன்ஜின் தன் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

ஹெட்டைக் கழற்றும் வேலை

இனிதான் உண்மையான மாற்றம். பழைய இன்ஜின்கள் பல, அன்றைய குறைந்த ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்காக 7 அல்லது 8 கம்ப்ரஷன் ரேஷியோவில் (கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது) வந்தவை. 91 ஆக்டேன் பெட்ரோல் இருந்தாலே இரும்பு ஹெட்டிலும் 9 வரை தாங்கும். 8-லிருந்து 9-க்குப் போனால் ஏட்டுக் கணக்கில் மூன்றரை சதவீதம் திறன் கூடும். சின்னதாகத் தெரியும். ஆனால் அது எல்லா ஆர்பிஎம்மிலும், எல்லா நேரமும் கிடைக்கிற மூன்றரை.

கணக்கு எளிது. என் சிலிண்டர் ஒன்றுக்கு 325 சிசி. ரேஷியோ 8 என்றால் பிஸ்டன் டாப்பில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 325-ஐ 7-ஆல் வகுத்தது, 46.4 சிசி. 9 ஆக வேண்டுமென்றால் 8-ஆல் வகுக்க வேண்டும், 40.6. அந்த மிச்ச இடத்தில் மூன்று பங்கு உண்டு: ஹெட்டின் குழி, கேஸ்கட்டின் தடிமன், பிஸ்டன் பிளாக் முகத்துக்குக் கீழே நிற்கும் இடைவெளி. என் பிஸ்டன் அரை மில்லிமீட்டர் கீழே நின்றது. பேரிங் மாற்ற பிளாக் எப்படியும் வெளியே வந்திருந்ததால், லேத் பட்டறையில் பிளாக் முகத்தில் அந்த அரை மில்லிமீட்டரை எடுக்கச் சொன்னேன்.

ஹெட்டை மட்டும் ஏன் சீவவில்லை? ஹெட்டைச் சீவினால் குழி சிறிதாகும், ஆனால் பிஸ்டனின் தட்டைப் பகுதிக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது அந்த இடுக்கிலிருக்கும் கலவை பீறிட்டுக் குழிக்குள் பாய்ந்து சுழல வேண்டும். அந்தச் சுழற்சிதான் தீயை வேகமாகப் பரப்பும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் பக்கவாட்டு வால்வு இன்ஜின்களில் செய்துகாட்டிய வித்தை இது. இடுக்கு ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் நன்றாக வேலை செய்யும். என்னுடையது 1.7 இருந்தது, பிளாக்கைச் சீவியபின் கேஸ்கட்டின் 1.2 மட்டும் மிஞ்சியது.

மீதிக்கு ஹெட்டில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைத் தாளில் போடாமல் கையால் அளப்பேன். வால்வுகளையும் பிளக்கையும் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து, குழி மேலே பார்க்க மேசையில் வைத்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். கேஸ்கட்டுக்கு 5.4 போக என் குழி 35.2 சிசி இருக்க வேண்டும். பியூரெட்டில் மெல்லிய ஆயிலை நிரப்பி, குழிக்குள் சரியாக 35.2 சிசி விடுங்கள். குழி முழுக்க நிரம்பாது. ஹெட் முகத்திலிருந்து ஆயில் மட்டம்வரை உள்ள ஆழத்தை டெப்த் கேஜால் பாருங்கள். கேஜின் முனை ஆயிலைத் தொடும் நொடியில் ஆயில் அதன்மேல் சட்டென்று ஏறி ஒட்டும். அந்த நொடியில் படிக்க வேண்டும். எனக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தது. எடுக்க வேண்டிய தடிமன் அதுவே. குழியின் சுவர் சாய்ந்திருந்தாலும் இந்த அளவு தவறாது. நான்கு குழியிலும் பார்த்து, ஆழம் மிகக் குறைவாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஹெட் உயரத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், தண்ணீர் அறையின் சுவர் மெலிந்துவிடும்.

பிளாக்கில் அரை, ஹெட்டில் ஒன்று. ஆக ராக்கர் ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் அதே அளவு ஷிம் வைத்தேன். வால்வும் பிஸ்டனை அதே அளவு நெருங்கியிருக்கும். பிஸ்டன் தலையில் விளையாட்டுக் களிமண்ணை அப்பி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, டேப்பட் வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணை பிளேடால் வெட்டி, மெலிந்த இடத்தை அளங்கள். இன்டேக்குக்கு 1.5, எக்ஸாஸ்ட்டுக்கு 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மேலே போகாதீர்கள்.

அந்த மூன்றாவது எக்ஸாஸ்ட் டேப்பட்டுக்கு வருகிறேன். 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் சேர்த்து நாக்கிங்கை அடக்கினார். அந்த ஈயம் இரும்பு வால்வு சீட்டின் மேல் மெத்தை போல் படிந்து தேய்மானத்தையும் தடுத்தது. மனித உடம்புக்கு அது விஷம் என்பதால் ஒவ்வொரு நாடாகக் கைவிட்டு, 2021-ல் அல்ஜீரியாவோடு உலகம் முழுக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. நல்லதே நடந்தது. ஆனால் ஈயத்தை நம்பிச் செய்த மென்மையான சீட்டுகள் இப்போது சுத்தியலடி வாங்குவது போல் அமிழ்கின்றன. வால்வு மேலே ஏற ஏற டேப்பட் இடைவெளி மூடுகிறது. ஹெட் கையில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட்டுக்குக் கடின சீட் வளையம் போட்டுவிடுங்கள். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, வால்வை லேசாகத் தேய்த்து உட்காரவைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

போர்ட்டைப் பெரிதாக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வழி அகன்றால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் செத்துவிடும். கேஸ்கட் படிகளைச் சமன் செய்து, வால்வுக்குப் பின்னால் உள்ள கூர்முனைகளை மழுக்கினால் போதும். சைலன்சர் குழாயும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாற்றுவதானால் நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் வகையே நடு ஆர்பிஎம் இழுவைக்கு ஏற்றது.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டில் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். இதே வண்டியில் ஒரு முறை வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் ஸ்போர்ட்ஸ் கேம் போட்டேன். வேக்கம் 12-க்கு இறங்கியது. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. இன்டேக் வால்வு தாமதமாக மூடியதால், உள்ளே வந்த கலவையை பிஸ்டன் மறுபடி வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டு வாரத்தில் கழற்றினேன். இப்போது பழைய கேமையே ஆஃப்செட் கீ வைத்து நான்கு டிகிரி முன்னால் தள்ளியிருக்கிறேன். வால்வு சீக்கிரம் மூடுகிறது. மேலே கொஞ்சம் மூச்சு வாங்கும், கீழே கயிறு கட்டி இழுப்பது போல் இழுக்கும். இதைச் செய்தால் களிமண் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், இன்டேக் வால்வு இன்னும் நெருங்கியிருக்கும்.

ஜெட்டும் டிஃபரன்ஷியலும்

எல்லாம் பூட்டியபின், எக்ஸாஸ்ட்டில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைத்துப் பாருங்கள். பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வித்தை எனக்கும் தெரியும், ஆனால் இன்றைய பெட்ரோலில் அது தெளிவாகப் படிக்க வருவதில்லை. சீரான ஓட்டத்தில் காற்றும் பெட்ரோலும் எடையில் 15-க்கு 1, முழுக்க மிதிக்கும்போது 13-க்கு 1 சுற்றி வந்தால் நல்லது. என் முதல் தொண்டையில் 120 மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் துளை) இருந்தது. 115 போட்டேன். ஜெட் எண் என்பது ஓட்டையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 110 போட்டபோது சீரான வேகத்தில் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடியது. எக்ஸாஸ்ட் வால்வு வறுபடும் நிலை அது. உடனே 115-க்குத் திரும்பினேன். ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்குவதோ கம்பி செருகிச் சிறிதாக்குவதோ வேண்டாம். கம்ப்ரஷன் ஏறியிருப்பதால் டைமிங்கையும் சாலையில் திரும்பப் பார்த்து இரண்டு டிகிரி பின்னால் வைத்தேன். மூன்று டேங்க் சராசரி 13.3. உங்கள் பகுதியின் புகைச் சோதனையையும் இந்த இடத்தில் ஒரு முறை முடித்துவிடுங்கள்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரைப் பிரித்து வாயு தரும் டப்பா, காற்றைச் சுழற்றும் விசிறி என்று கொண்டுவந்து காட்டுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்து, மைலேஜைச் சொல்லும்படியாகக் கூட்டும் ஒன்றையும் கண்டதில்லை. உழைத்த பணத்தை அதில் போடாதீர்கள்.

கடைசியாக, கிடைத்த இழுவையைச் செலவு செய்யும் இடம். ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும். பாதி மூடிய ஆக்சிலரேட்டரில் ஒவ்வொரு பிஸ்டனும் அந்த வலியைத்தான் படுகிறது. ஆர்பிஎம்மைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை அதிகம் திறந்து ஓட்டினால் அந்த வலி குறையும். கீழே இழுவை இருந்தால்தான் அப்படி ஓட்ட முடியும். அதே ஆக்சில் குடும்பத்தில் 4.1-க்குப் பதில் 3.7 கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலின் பல்சக்கர ஜோடி; எண், சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்றும் சுற்று) கிடைத்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 ஓடிய இன்ஜின் இப்போது 2,700 ஓடுகிறது. மேட்டில் கியர் மாற்றத் தேவையில்லை. கம்ப்ரஷன், கேம் வேலைகள் செய்யாமல் இதை மட்டும் போட்டால் வண்டி முக்கும், மைலேஜும் விழும்.

போட்ட பிறகு முதல் மூன்று டேங்க் சராசரி 13.1. முன்பைவிடக் குறைவு. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கார்புரேட்டரை மறுபடி பிரிக்கவே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு விடியற்காலையில் சாலையோர கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே நூறு கிலோமீட்டர் ஓட்டினேன். மீட்டர் 90 காட்டியது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து ஓடுகிறது. டிஃபரன்ஷியல் மாறியதும் அந்த ஷாஃப்ட் ஒரு கிலோமீட்டருக்குச் சுற்றும் சுற்று குறைந்துவிட்டது. 4.1-ஐ 3.7-ஆல் வகுத்தால் 1.108. அதை 13.1-ஓடு பெருக்கினால் 14.5. கேபிளின் சிறு பிளாஸ்டிக் கியரைப் பல் எண்ணிக்கை பார்த்து மாற்றிவிட்டேன். இந்த மாற்றம் செய்கிறவர்கள் அந்தக் கியரையும் சேர்த்தே வாங்கிவையுங்கள், அதுவரை மீட்டர் காட்டும் வேகத்தோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி, அதுதான் உண்மையான வேகம் என்று எண்ணி ஓட்டுங்கள்.